பதவியை விட்டு எழுந்தவர்

2003 மார்ச் 17. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ராபின் குக் பேச எழுந்தபோது, அவர் அமைச்சராக இல்லை. ஈராக் போரை ஏற்க முடியாது என்று அன்றுதான் ராஜினாமா செய்திருந்தார்.

அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. நான்கு வருடங்கள் வெளியுறவு அமைச்சராக இருந்து, உளவுத்துறைத் தகவல்களைப் படித்துப் பழகியவர். பிரதமர் டோனி பிளேர் மீது அவருக்குத் தனிப்பட்ட கோபமும் இல்லை. அவர் கேட்டது இதைத்தான்: 'சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் அநேகமாக இருக்காது. ஐ.நா. ஆய்வாளர்கள் இன்னும் சில மாதங்கள்தானே கேட்கிறார்கள்? அதற்குள் என்ன அவசரம்?'

கைதட்டும் வழக்கமில்லாத அந்தச் சபையில், உறுப்பினர்கள் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால், கைதட்டல் வேறு, ஓட்டு வேறு. மறுநாள் நடந்த வாக்கெடுப்பில் போருக்கு ஆதரவாக 412 பேர், எதிராக 149 பேர். மார்ச் 20-ல் படைகள் ஈராக்குக்குள் நுழைந்தன. மூன்றே வாரங்களில் பாக்தாத் வீழ்ந்தது.

ஜெயிப்பது எளிதாக இருந்தது. அதன் பிறகு என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மே மாதம், அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டு ஈராக் ராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கான வீரர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. ஆயுதப் பயிற்சி மட்டும் கையில் இருந்தது. அவர்களில் சிலர் கிளர்ச்சிக் குழுக்களில் சேர்ந்தார்கள். பழைய அதிகாரிகள் சிலர், பல வருடங்கள் கழித்து ஐ.எஸ். அமைப்பிலும் இருந்தார்கள்.

தேடிப்போன ஆயுதக் குவியல் கடைசிவரை கிடைக்கவில்லை. செத்துப்போன ஈராக் பொதுமக்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். அமெரிக்கா சுமார் 4,500 வீரர்களையும், பிரிட்டன் 179 பேரையும் இழந்தன.

இதையெல்லாம் விசாரித்த சில்காட் குழு, 2016-ல் 12 தொகுதிகள் கொண்ட அறிக்கை தந்தது. அமைதி வழிகள் எல்லாம் தீர்வதற்கு முன்பே போரில் இறங்கிவிட்டார்கள், பிந்தைய நிலைமைக்குத் திட்டமிட்டது துளியும் போதவில்லை என்றது அது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்த வரிகளுக்காக ஏழு வருடங்கள் காத்திருந்தன. குக் அதைச் சில நிமிடங்களில் சொல்லியிருந்தார், முதல் குண்டு விழுவதற்கு முன்பே.

அறிக்கையைப் பார்க்க அவர் இல்லை. 2005 ஆகஸ்டில், ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது சுருண்டு விழுந்து இறந்தார். வயது 59. எடின்பரோவில் இருக்கும் அவர் கல்லறையில், தன்னால் போரைத் தடுக்க முடியாமல் போயிருக்கலாம், ஆனால் போர் பற்றி முடிவெடுக்கும் உரிமையை நாடாளுமன்றத்துக்கு வாங்கித் தந்ததாக அவர் சொன்னது பொறிக்கப்பட்டிருக்கிறது.

அந்த உரிமையை 412 பேர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது, கல்லறையில் எழுதப்படாத மிச்சக் கதை.