திரை காட்டாத பகுதி

சண்டைப் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற முறைப்பாடு, 1979இல் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்த காலந்தொட்டே நான் கேட்டுவருவதுதான். இன்று அந்தப் பெட்டியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. பெட்டியை நிறுத்திவிடலாம். பிள்ளையின் கைக்குள் இருக்கும் திரையை எத்தனை நாளைக்கு நிறுத்திவைப்பது?

தடுப்பதைவிடப் பயனுள்ள வழியொன்று உண்டு என்பதற்கு ஒரு பழைய ஆய்வு துணைநிற்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளர், காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டினார். 1961இல் வெளியான அந்த ஆய்வில், பிள்ளைகள் பலர் அவ்வாறே செய்தனர். 1965இல் வெளியான இன்னோர் ஆய்வில், அடித்தவர் தண்டிக்கப்படுவதையும் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அவரைப் பின்பற்றினர். ஆனால், பரிசு தருவதாகச் சொன்னதும் அவர்களும் பார்த்ததைச் செய்துகாட்டினர். அடிக்கும் விதத்தை எல்லோரும் கற்றிருந்தனர். விளைவு பற்றிய நினைவே கையைத் தடுத்திருக்கிறது.

நமது திரைப்படங்கள் மறைப்பது அந்த விளைவைத்தான். கதாநாயகன் இருபது பேரை வீழ்த்திவிட்டு அடுத்த காட்சியில் பாடப் போய்விடுகிறான். வீழ்ந்தவனின் மனைவி வைத்தியசாலை வாசலில் நிற்பது படத்தில் வருவதில்லை.

பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. வாள்வெட்டு முன்பக்கத்தில் வரும்; பல ஆண்டுகள் இழுபட்ட வழக்கின் முடிவு உள்பக்கத்தில் நான்கு வரியாகும். அயலவர் இருவர் வேலித் தகராறைப் பேசித் தீர்த்தால் அது செய்தியே அல்ல. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய பிணக்குகளைத்தான் கையாளுகின்றன. அங்கே தீர்ப்பு வழங்குவதில்லை; இரு தரப்பினரும் தாமே உடன்பாட்டுக்கு வர உதவுகிறார்கள். இப்படியொன்று இருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

என் பேரனுடன் ஒருநாள் படம் பார்த்தபோது, “விழுந்தவன் இப்போது எங்கே?” என்று கேட்டேன்.

“அவன் கெட்டவன், தாத்தா” என்றான்.

“கெட்டவனுக்கு நோகாதா?”

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சண்டைக் காட்சியில், அடிபட்டவன் எழும்பினானா என்று அவனே என்னிடம் கேட்டான். பின்னொரு நாள் தங்கையோடு சண்டை பிடித்துக்கொண்டு நியாயம் கேட்டு வந்தான். இருவரையும் இருத்தி, ஒருவர் மற்றவரின் நியாயத்தை முதலில் சொல்லவேண்டும் என்றேன். அரைமணி நேரம் சென்றது. முழு சமாதானம் ஏற்பட்டதாகச் சொல்லமாட்டேன், கைகலப்பு நின்றது.

1983 முதல் 2009 வரை போர் நடந்த நாடு இது. ஓர் அடிக்குப் பின்னால் எத்தனை வீடுகள் இருண்டன என்பதை எங்கள் தலைமுறை நேரில் கண்டது. இன்றைய சிறுவர்கள் அதைக் காணவில்லை. அது அவர்களின் பாக்கியம். ஆனால் வன்முறை பற்றிய அவர்களுடைய அறிவெல்லாம் திரையிலிருந்தே வருகிறது. திரை காட்டாத பகுதியை அவர்களுக்குச் சொல்லக்கூடியவர்கள் நாங்கள்தான். நாங்கள் இருக்கும்போதே அதைச் சொல்லிவிடவேண்டும்.