மழைக்கு ஒதுங்கினவர் புரொபசர் ஆன கதை

கி.ரா.வை எழுத்தாளரா எல்லாருக்கும் தெரியும். கோபல்ல கிராமம், கதவு, கரிசல் காடுன்னு ஆளாளுக்கு ஒரு பட்டியல் வச்சிருப்பீங்க. அவர் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தார்ங்கறதைத்தான் நம்ம ஆளுங்க சாவகாசமா மறந்துடறாங்க.

1989-ல புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறவியல் பேராசிரியரா கூப்பிட்டு உக்கார வச்சுது. அங்க இருந்த ஆவண, ஆய்வு மையத்துல நாட்டுப்புறவியலுக்கு இயக்குநர்னு பொறுப்பு. 1923-ல பிறந்த மனுஷன். மத்தவங்க ரிட்டயர் ஆகி பென்ஷன் ஆபீஸுக்கு நடக்கற வயசுல இவருக்கு முதல் வேலை! அதுக்கு முன்னாடி இடைசெவல்ல விவசாயம், விவசாயிகள் இயக்கம், ஜெயில். படிப்பு? பள்ளிக்கூடமே முடிக்கலை. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதா அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் இருக்கறது வானூர். இந்தப் பல்கலைக்கழகம் இருக்கற காலாப்பட்டு ஒரு வேடிக்கையான இடம். ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கமெல்லாம் எங்க வானூர் தாலுக்கா, நடுவுல மட்டும் புதுச்சேரி. ஈசிஆர்ல பஸ்ல போனா ரெண்டு தூக்கம் போடறதுக்குள்ள மாநிலம் மாறி மறுபடி மாறிடும். அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம், இதுக்குள்ள ஒருத்தர் சர்டிபிகேட்டே இல்லாம நுழைஞ்சிருக்கார்யான்னு ஒரு அல்ப சந்தோஷம் எனக்கு :-)

எப்படி நுழைஞ்சார்? அப்போ துணைவேந்தரா இருந்த கி. வேங்கடசுப்பிரமணியன் கூப்பிட்டார், அவ்வளவுதான். பல்கலைக்கழகமே 1985-ல வந்தது. புது இடம், பழைய வழக்கம்னு எதுவும் கெட்டிப்படாத நேரம். (பத்து வருஷம் கழிச்சுன்னா அந்த ஃபைல் மேஜைக்கு மேஜை நகர்ந்தே செத்திருக்கும்ங்கறது என் அனுமானம்.) ஆனா சும்மா எழுத்தாளர்ங்கற மரியாதைக்காகக் கூப்பிட்டாங்கன்னு நினைச்சா தப்பு. 1982-லயே கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கொண்டு வந்தவர் அவர். ஒரு துறையே உக்காந்து செய்யவேண்டிய வேலை அது. நண்பர்கள் உதவியோட ஊர்ல இருந்தே செஞ்சு முடிச்சார். அதாவது ஆராய்ச்சியை முதல்ல செஞ்சுட்டு, பதவி பின்னாடி வந்துது.

இங்க வந்தப்புறமும் மனுஷன் சும்மா இல்லை. கரிசலை விட்டுட்டு நம்ம பக்கத்துக் கதைகளைத் திரட்டினார். மாணவர்கள் கிராமம் கிராமமாப் போய்க் கேட்டுகிட்டு வந்தாங்க. பெரியவங்க தனியா இருக்கும்போது மட்டும் சொல்லிக்கிற 'அந்த மாதிரி' கதைகளையும் ஒதுக்கலை. பட்டம் வாங்கின பண்டிதர் யாராச்சும் அதுல கை வச்சிருப்பாரா, சொல்லுங்க? 1991-ல சாகித்ய அகாதமி விருது வந்தப்ப அவர் புதுச்சேரிவாசி. கடைசி வரைக்கும் இங்கயேதான், 2021 மே மாசம் இறந்தது வரைக்கும். அப்புறம் அரசு மரியாதையோட இடைசெவலுக்குத் திரும்பிப் போனார்.

இதுக்கு முன்னாடி நம்மூர்ல இப்படி நடந்ததேயில்லையான்னா, நடந்திருக்கு. 1913-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி, துறைமுகத்துல கிளார்க்கா இருந்த ராமானுஜனுக்கு மாசம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்துது. டிகிரி கிடையாது, எஃப்.ஏ.வே ஃபெயில். ரெண்டு சமயத்துலயும் ஒரு கதவு திறந்துது, ஒருத்தர் உள்ள போனார், கதவு மூடிகிச்சு. அடுத்த ஆளுக்கு அது வழியா மாறலை. எனக்கு உறுத்தறது இதுதான்.

ஏன் உறுத்துதுன்னு சொல்றேன். பெரியம்மா மக, அக்கா முறை, மரக்காணத்துல கட்டிக்குடுத்தது. முப்பது வருஷமா உப்பளத்துல கூலி. பாத்தியை மிதிச்சு இறுக்கறதுலேர்ந்து உப்பு வாருற வரைக்கும் எல்லாம் தெரியும். உப்பு இறங்கினப்புறம் மிஞ்சற கசப்புத் தண்ணியை எப்ப வெளியேத்தணும், விட்டா உப்பு எப்படிக் கசக்கும்னு, விரலை நனைச்சு நாக்குல வச்சே சொல்லிடும். அதோட பொண்ணு எம்.ஏ., செட் பாஸ், நாட்டுப்புறவியல்ல பி.எச்டி. ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரர். மே மாசம் சம்பளம் கிடையாது.

அவ ஆய்வே உப்பளத்து வழக்காறுகள் பத்தித்தான். பாதிக்கு மேல அம்மா சொன்னது. ஆய்வேட்டுக்குக் கடைசியில தகவலாளர் பட்டியல்னு ஒண்ணு போடுவாங்க இல்லையா, அதுல அக்கா பேரு மூணாவது. வயது 58. தொழில்: உப்பளக் கூலி. கல்வி: இல்லை. "அப்படித்தான் போடணும் மாமா, ஃபார்மட்டே அதான்"னா. அவளைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை.

இதே கடற்கரையில வடக்கே மாமல்லபுரம் பக்கத்துல இருக்கற இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரையும் 2017-ல ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுது, மலைப்பாம்பு பிடிக்கறதுக்கு. ரெண்டு வாரத்துக்குள்ள 13 பிடிச்சாங்க. 2023-ல பத்மஸ்ரீ வந்துது. அவங்க கல்வித் தகுதியை யாரும் கேக்கலை, பாம்பு கிடைச்சா போதும்னு இருந்தாங்க!

சரி, இப்ப யூஜிசி ஒரு கதவு வச்சிருக்கு. 2022-ல வந்த 'புரொபசர் ஆஃப் பிராக்டீஸ்'. பட்டம் கட்டாயமில்லை. துறையில 15 வருஷ அனுபவம் வேணும், அதுவும் மேல்மட்டப் பொறுப்புல இருந்தா நல்லது. அனுமதிச்ச இடங்கள்ல 10 சதவீதம் வரைக்கும், மொத்தம் மூணு வருஷம், ரொம்பப் போனா நாலு. இலக்கியம், கலை எல்லாம் பட்டியல்ல இருக்கு. படிச்சப்ப, அட, கி.ரா.வுக்கு நடந்ததை விதியாவே எழுதிட்டாங்களேன்னு குஷியாயிட்டேன். மேல படிச்சா, ஏற்கனவே ஆசிரியரா இருக்கறவங்க, இருந்தவங்க விண்ணப்பிக்க முடியாது. ஆக பொண்ணு அவுட். 'மேல்மட்டப் பொறுப்பு'ன்னா கம்பெனி அதிகாரியும் ரிட்டயர்டு ஐஏஎஸ்ஸும்தான் முதல்ல கண்ணுக்குத் தெரிவாங்க. அகராதி போட்டிருந்தாலும் இடைசெவல் சம்சாரி எந்தக் கட்டத்துல 'டிக்' அடிச்சிருப்பார்?

போன வாரம் மரக்காணம் போனப்ப அக்காகிட்ட இதை விளக்கிச் சொன்னேன். பொண்ணும் பக்கத்துல இருந்தா. அக்கா பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "பதினைஞ்சு வருஷம்னா எனக்கு ரெண்டு தடவை ஆயிடுச்சேடா தம்பி. அனுபவம்னு சீட்டு யாரு எழுதிக் குடுப்பாங்க, மேஸ்திரியா?"ன்னுச்சு.