மோன்மார்த்ர் குன்றின் மேல்

பாரிசில் வெயில் உறைத்தால் ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. 2019 ஜூலை 25 அன்று 42.6 டிகிரி பதிவான ஊர் இது. நான் போன அன்று அவ்வளவு இல்லை என்றாலும், சென்னையில் வளர்ந்த எனக்கே தலை கிறுகிறுத்தது. லா ஷப்பலில் தமிழ்க் கடைகள் நிறைந்த தெருவில் சாப்பிட்டு முடித்து, மோன்மார்த்ர் குன்றின் மேல் இருக்கும் சாக்ரே கேர் பேராலயத்துக்கு நடந்தே போகலாமா என்று கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணரிடம் கேட்டேன்.

"ஓம் தம்பி, கிட்டத்தான். ஆனா உந்த வெயிலுக்க மலை ஏறேக்க கவனம். தண்ணிப் போத்தல் ஒண்டு கொண்டு போங்கோ. கீழ கையில நூல் கட்டிக் காசு பிடுங்க வருவாங்கள், நிக்காதேங்கோ."

பார்பேஸைத் தாண்டி, துணிக்கடைகளையும் கடந்தால் குன்றின் அடிவாரம். 1900 முதல் இழுவை ரயில் ஓடுகிறது; அதற்கான வரிசையைப் பார்த்ததும் படியேற முடிவு செய்தேன். பக்கத்துப் படிக்கட்டில் 222 படிகள். குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், கைப்பிடிக் கம்பி சுடுகிறது என்று கையை உதறும் பாட்டிகள், படியிலேயே உட்கார்ந்து கிட்டார் வாசிப்பவர்கள். மேலே ஏற ஏறப் பேராலயத்தின் வெண்மையில் கண் கூசியது. அந்த வெண்மைக்குக் காரணம் சுவரில் இருக்கும் கல்தான். மழை பட்டால் அதிலிருந்து கால்சைட் கசிந்து, அழுக்கைக் கழுவிவிடும். அதனால்தான் பாரிசின் புகையிலும் கட்டடம் கறுக்கவில்லை.

ஆனால் நான் அதிகம் வியந்தது கண்ணுக்குத் தெரியாத பகுதியை நினைத்து. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்காக ஜிப்சம் வெட்டி வெட்டி, குன்றின் வயிறே குடைந்து போயிருந்தது. 1875இல் வேலை தொடங்கியபோது மண் தாங்காது என்று தெரிந்து, 30 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் 83 கிணறுகள் தோண்டிக் கல்லால் நிரப்பினார்கள். அப்படி உருவான தூண்கள் மேல்தான் கோயில் நிற்கிறது. முதல் உலகப் போர் முடிந்து, 1919இல்தான் அர்ச்சிப்பு நடந்தது.

உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. படம் எடுக்கக் கூடாது. தேர்த் திருவிழாவில் பிரகாரம் சுற்றுவதுபோல் கூட்டம் ஒரே திசையில் நகர்ந்தது. எல்லோருடைய கண்ணும் பீடத்துக்கு மேலே, 475 சதுர மீட்டர் பரப்பில் கை விரித்து நிற்கும் கிறிஸ்துவின் மொசைக் மேல். அதற்குக் கீழே கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை இருப்பதைப் பலர் கவனிக்கவில்லை. 1885 ஆகஸ்ட் 1 முதல் இரவு பகலாக யாராவது ஒருவர் அதன் முன்னால் ஜெபித்துக்கொண்டே இருக்கிறார். 1944 ஏப்ரலில் அருகே குண்டுகள் விழுந்து கண்ணாடிகள் நொறுங்கியபோதும் ஆராதனை நிற்கவில்லை.

நடுவிலுள்ள பெஞ்சுகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த ஒரு பெண்ணின் ரவிக்கை முதுகு முழுக்க வியர்வை. ஜெபமாலை மணிகள் ஒவ்வொன்றாக அவர் விரலில் நகர்ந்தன. பக்கத்தில் யாரோ உரக்கப் பேச, பணியாளர் வந்து வாயில் விரல் வைத்தார். அந்தப் பெண் திரும்பவே இல்லை. கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறோமோ என்று கோயில்களில் எனக்குத் தோன்றுவதுண்டு. இங்கே அவருக்கு நாங்கள் யாருமே ஒரு பொருட்டில்லை. அது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

இந்தக் குன்றுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1871 மார்ச் 18 அன்று இங்கிருந்த பீரங்கிகளைப் பிடுங்க அரசுப் படை வந்தபோதுதான் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சி வெடித்தது. மே மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று அதை அடக்கினார்கள். பிரான்ஸ் பிரஷ்யாவிடம் தோற்றதற்குப் பரிகாரமாக 1870இலேயே இந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தாலும், கம்யூன்காரர்களின் 'பாவத்துக்கு'க் கட்டியது என்ற கசப்பு இன்றும் அடங்கவில்லை. அரசு இதை வரலாற்றுச் சின்னமாக்கியதே 2022இல்தான். அப்போதும் எதிர்ப்புக் கிளம்பியது.

அந்தக் கசப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். அதற்காக உள்ளே மண்டியிட்டிருந்த பெண்ணின் ஜெபம் எனக்குச் சிறிதாகிவிடவில்லை. இறங்கும்போது புல்வெளியின் பெயர்ப்பலகையைத் தேடிப் படித்தேன்: லூயிஸ் மிஷேல். கம்யூனில் போராடி, நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஆசிரியை. 2004இல் நகராட்சி அவர் பெயரைப் பேராலயத்தின் காலடியிலேயே வைத்திருக்கிறது.