தங்கை வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் செராங்கூன் ரோட்டையும் முஸ்தபா கடையையும் பற்றி எழுதிவிட்டார்கள். நானும் பார்த்தேன், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னை ஒரு மாதம் கட்டிப்போட்டது, தெம்பனிஸில் என் தங்கை வீட்டுக் கூடத்திலிருந்த இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி!

பதினோராவது மாடியில் அறுபது லிட்டர் கடல். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டு. பாறைமேல் பச்சையும் ஊதாவுமாக விரிந்திருப்பவற்றைப் பார்த்தால் செடி என்றுதான் நினைக்கத் தோன்றும். எல்லாம் உயிர்ப் பிராணிகள். ராமேஸ்வரம் பக்கத்தில் முருகைக்கல் என்பார்களே, அதைக் கட்டுகிற ஜீவன்கள். கடையில் வளர்த்து விற்கிற துண்டுகளை வாங்கி ஒட்டியிருந்தார்கள்.

தங்கையின் வீட்டுக்காரர் ஆசையாக வைத்தது. அவர் வேலையாக மூன்று வாரம் வெளியூர் போனதும் பொறுப்பு மகள் தலையில் விழுந்தது. அவளுக்கோ பரீட்சை நேரம். கூடமாட ஒத்தாசை செய்யப் போய் நானும் கற்றுக்கொண்டேன்.

"பெரியம்மா, தண்ணி குறைஞ்சா உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது. நல்ல தண்ணிதான் ஊத்தணும்" என்றாள். நியாயம்தானே? ரசம் சுண்டினால் கரிக்கிறதே, அதே கதை. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே நிற்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. விசிறி ஓடும் அந்தத் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் குறையும். ஐந்து நாள் மறந்தால் 35 என்பது 38 ஆகிவிடும். ஊற்றுகிற நல்ல தண்ணீரும் குழாய்த் தண்ணீர் அல்ல. சிங்கப்பூர்க் குழாய்நீர் நாம் குடிக்க அருமையானது. ஆனால் கிருமிக்காகக் கலக்கும் குளோரமின் மீனுக்கு ஆகாது. வாளியில் பிடித்து வைத்தாலும் லேசில் போகாது. அதனால் வடிகட்டி இயந்திரத்தில் எடுத்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இனிமேல்தான். பவளம் தன் எலும்பைத் தண்ணீரிலிருந்தே கட்டிக்கொள்கிறது. அதற்கு வேண்டியவை கால்சியமும் கார்பனேட்டும். கட்டக் கட்ட இரண்டும் குறையும். கடலில் குறைவு தெரியாது, தொட்டியில் நாம்தான் போட வேண்டும். கார்பனேட்டுக்கு எதைப் போடுகிறார்கள் தெரியுமா? ஆப்பச் சோடா! கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு. சிலர் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்களாம். மக்னீசியத்துக்கு வேறொரு உப்போடு நம் பேதி உப்பையும் சேர்ப்பதுண்டு. சோடாவையும் கால்சியத்தையும் ஒரே இடத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், யாருக்கும் பிரயோஜனமில்லை. வேளை மாற்றித்தான் ஊற்ற வேண்டும். மக்னீசியம் போதுமான அளவு இருந்தால் இந்தப் படிவு சட்டென்று உண்டாகாது. கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், மக்னீசியம் 1300, காரத்தன்மை 8 டிகிரி என்று அந்தப் பெண் நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பார்த்தால் பூவெல்லாம் சுருங்கிக் கிடக்கின்றன. பரீட்சை மும்முரத்தில் ஒரு வாரமாகச் சோடாக் கரைசல் விட்டுப்போயிருக்கிறது. சோதனைக் குப்பியில் சொட்டு எண்ணிப் பார்த்ததில் காரத்தன்மை ஆறுக்கு இறங்கியிருந்தது. "ஒரேயடியாப் போட்டுடேன்டி" என்றாள் தங்கை. பெண் மசியவில்லை. நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றினால் உள்ளதும் போய்விடுமாம். அறுபது லிட்டருக்கு ஒரு டிகிரி ஏற்ற ஆப்பச் சோடா இரண்டு கிராம்கூட வேண்டாம். அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு! அதைக் கரைத்து இரண்டு நாள் ஊற்றினாள். மூன்றாம் நாள் ஒவ்வொன்றாக விரிந்தன. இரண்டு துண்டுகள் மட்டும் பிழைக்கவில்லை.

இதைவிட நான் பயந்துபோன சமயம் ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து எடுத்து வைத்த பாசி படிந்த பாறையை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யலாம் என்று தங்கை அடுப்பைப் பற்ற வைத்தாள். எந்த இல்லத்தரசியும் செய்யக் கூடியதுதானே? "அம்மா, வேண்டாம்!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள் பெண். பொத்தான் பொத்தானாகப் படரும் சில பவள இனங்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. அந்தப் பாறையைக் கொதிக்க வைத்தால் ஆவியோடு விஷமும் மூச்சில் ஏறும். குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கிட்டேயே போகக் கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு நான் இந்தத் தொட்டியைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டால் இன்னொன்றும் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் முருகைக்கல்லை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்காகச் சுட்டார்கள். 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்லுப் பவளங்களுக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பு. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

பரீட்சை முடிந்த ஞாயிறன்று மரினா சவுத் துறையிலிருந்து படகேறி செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போனோம். வரிசை வரிசையாகக் கப்பல்கள், நடுவே பச்சைத் தீவு. தேசியக் கடல் ஆய்வுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூர்க் கடலில் சுமார் 250 வகைக் கல்லுப் பவளங்கள் உண்டு. நிலத்துக்காகக் கடலைத் தூர்த்ததில் பாறைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. ஒரு லட்சம் பவளங்களை வளர்த்து நடும் திட்டத்தை 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறார்கள். பெண் பையிலிருந்து உப்பு பார்க்கும் குழலை எடுத்துக் கரைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். 31 காட்டியது. "நம்ம தொட்டியில இப்படி வந்திருந்தா நான் அழுதிருப்பேன் பெரியம்மா" என்றாள். மழையும் ஆற்றுநீரும் கலக்கிற கடல். இங்கே பிறந்தவைக்கு அது பழக்கம்.

தீவில் கடை கிடையாது. நாங்கள் புளியோதரையும் தண்ணீரும் கொண்டு போயிருந்தோம். போகிறவர்கள் குடையையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.