75 டாலர் சந்தாவும் ஒரு வீடும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓபியான் என்றொரு கவுன்டி இருக்கிறது. நம் கணக்கில் சின்ன மாவட்டம் மாதிரி. 2010 செப்டம்பர் 29 அன்று, அங்கே கிராமப்புறத்தில் ஒரு வீட்டின் அருகே பீப்பாயில் குப்பையைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார் அந்த வீட்டுப் பேரன். தீ கைமீறிப் போனது. வீட்டில் இருந்தவர்கள் ரப்பர் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். 911-க்கு போன் செய்தார்கள்.

உங்கள் பெயர் பட்டியலில் இல்லை, வண்டி வராது என்று பதில் வந்தது.

ஓபியான் கவுன்டி முழுவதற்குமான தீயணைப்புத் துறை என்று அப்போது ஒன்று கிடையாது. பக்கத்தில் உள்ள சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரத்துக்குச் சொந்தமாக ஒரு தீயணைப்புப் படை இருந்தது. நகர எல்லைக்கு வெளியே வசிப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்டினால் அவர்கள் வீட்டுக்கும் அது வரும். அன்றைய மதிப்பில் 3,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. முந்தைய ஆண்டுகளில் கட்டியதாகவும், அந்த வருடம் மறந்துவிட்டதாகவும் வீட்டுக்காரர் சொன்னார். என்ன செலவானாலும் தந்துவிடுகிறேன் என்றும் கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை.

பிறகு வண்டி வரத்தான் செய்தது. ஆனால், அவருக்காக அல்ல. தீ பக்கத்து நிலத்துக்குத் தாவியதும், சந்தா கட்டியிருந்த அந்த நிலத்துக்காரர் கூப்பிட்டார். வீரர்கள் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் அணைத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் வீடு எரிந்து முடிந்தது. மூன்று நாய்களும் ஒரு பூனையும் செத்துப்போயின.

இதைக் கேட்டால் யாருக்கும் நகரத்தின் மேல்தான் கோபம் வரும். ஆனாலும், அவர்கள் தரப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. வண்டியும் டீசலும் சம்பளமும் நகரத்து மக்கள் கட்டும் வரியில் வருபவை. வெளியே இருப்பவர்கள் அந்த வரியைக் கட்டுவதில்லை. தீப்பிடித்த பிறகு 75 டாலரை நீட்டினால் போதும் என்று ஆகிவிட்டால், யார் முன்கூட்டியே கட்டப்போகிறார்கள்? விபத்து நடந்த பிறகு போய் கார் இன்ஷூரன்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த ஒப்பீடு ஓரிடத்தில் உடைகிறது. பாலிசி இல்லாதவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுப்பது பணத்தை. கார் ஏற்கெனவே நசுங்கிவிட்டது. அதை நசுங்காமல் காப்பாற்ற யாராலும் முடியாது. இங்கே மறுக்கப்பட்டது பணம் அல்ல, தண்ணீர். வீடு இன்னும் முழுதாக எரியவில்லை. வண்டி நிற்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள். அணைக்காமல் விடுவதால் நகரத்துக்கு மிச்சமாவது கொஞ்சம். அந்தக் குடும்பத்துக்குப் போவது மொத்தமும். (அந்த வீட்டுக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் இருந்தது என்பது வேறு விஷயம். நாய்க்கும் பூனைக்கும் எந்த பாலிசியும் ஈடு தராது.)

உயிருக்கு ஆபத்து என்றால் சந்தாவைப் பார்க்காமல் வருவோம் என்பதும் அங்கே சொல்லப்பட்ட விதிதான். நல்ல விதி. ஆனால், உள்ளே யாராவது தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்பதை கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அந்த வீரர்களின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். தீயை அணைக்கப் பயிற்சி பெற்றவர்கள், எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் பெரிய தொழிற்சங்கமே நகரத்தின் முடிவைக் கண்டித்தது. சந்தா வசூலிக்கும் வேலையை, கடைசியில் குழாய் பிடிக்கும் ஆட்களின் தலையில் கட்டிவிட்டது அந்த ஏற்பாடு.

இதே பிரச்னையை லண்டன் எப்போதோ பார்த்துவிட்டது. 1666-ல் நகரமே எரிந்த பிறகு அங்கே தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முளைத்தன. அவை சொந்தமாகத் தீயணைப்பு ஆட்களை வைத்துக்கொண்டன. பாலிசி எடுத்த வீட்டுச் சுவரில் கம்பெனியின் ஈயத் தகடு பதிக்கப்படும். தகடு இல்லாத வீட்டை எரிய விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். யோசித்தாலே தெரியும்: ஒட்டி ஒட்டி வீடுகள் இருந்த ஊரில், பணம் கட்டாத வீட்டை எரிய விட்டால் அடுத்து பிடிப்பது பணம் கட்டிய வீடு. லாபத்துக்காக நடந்த கம்பெனிகளுக்கே அந்தக் கணக்கு புரிந்திருக்கும். 1833-ல் பத்து கம்பெனிகள் தங்கள் படைகளை ஒன்றாகச் சேர்த்தன.

அதுவும் நிலைக்கவில்லை. 1861-ல் லண்டன் பாலத்துக்கு அருகே டூலி தெருக் கிடங்குகளில் பிடித்த தீ இரண்டு வாரம் எரிந்தது. படைத்தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் இடிந்து விழுந்த சுவருக்கு அடியில் சிக்கி இறந்தார். ஒரு பெருநகரத்தைக் காக்கும் செலவை இனிமேல் நாங்கள் மட்டும் சுமக்க முடியாது என்று கம்பெனிகள் அரசிடம் சொல்லிவிட்டன. 1865-ல் சட்டம் வந்தது; 1866 முதல் லண்டனின் தீயணைப்புப் படை பொதுப்பணத்தில் ஓட ஆரம்பித்தது. கம்பெனிகளும் ஒரு பங்கு கொடுத்தன.

ஓபியானுக்குத் திரும்பினால், கதை 2010-லேயே முடியவில்லை. 2011 டிசம்பரில் அதே பகுதியில் இன்னொரு வீடு எரிந்தது. இம்முறை டிரெய்லர் வீடு. அந்தத் தம்பதியும் சந்தா கட்டவில்லை. வண்டி வந்து நின்றது. அவர்கள் கைக்குக் கிடைத்த சாமான்களை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் 2012-ல் விதி மாறியது. யார் கூப்பிட்டாலும் வருவோம். சந்தா கட்டாதவர் என்றால் ஒரு முறைக்கு 3,500 டாலர் பில்.

எரிய விடுவதைவிட இது எவ்வளவோ மேல். அரிசோனாவில் சந்தா முறையில் தீயணைப்பு நடத்திய ஒரு தனியார் கம்பெனியும் இப்படித்தான் செய்தது: முதலில் தண்ணீர், பிறகு பில். முன்கூட்டியே கட்டாதவருக்குத் தண்டனை இருக்கிறது, ஆனால் அது வீட்டை விழுங்கும் தண்டனை அல்ல.

என்றாலும் 3,500 டாலர் யாருக்கு வலிக்கும் என்று பார்க்க வேண்டும். வசதி உள்ளவர் 75 டாலரைப் பெரும்பாலும் நேரத்துக்குக் கட்டிவிடுவார். அவருடைய வங்கியே ஞாபகப்படுத்திவிடும். கட்டாமல் விடுபவர்களில் பிடிவாதக்காரர்கள் சிலர் இருப்பார்கள். மற்றவர்கள், அந்த மாதம் மருந்து வாங்கியவர்கள், வேலை போனவர்கள், வந்த கடிதத்தைப் பிரிக்காமல் மேஜையில் வைத்த முதியவர்கள். தீயில் பாதி வீட்டை இழந்த டிரெய்லர்வாசியின் கையில் அந்த பில்லைக் கொடுத்தால், அவர் எதை விற்றுக் கட்டுவார்?

அதே 75 டாலரைச் சொத்து வரியோடு சேர்த்து கவுன்டியே வசூலித்திருந்தால், ஓசியில் யாரும் தப்பித்திருக்க முடியாது. நகரத்தாரின் புகாருக்கும் இடம் இருந்திருக்காது. வரியைக் கட்டாமல் விட்டவரிடம் பாக்கியை வட்டியோடு வசூலிக்க அரசுக்கு வழி இருக்கிறது, அவகாசமும் இருக்கிறது. 911-ல் போனை எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி விலாசம் மட்டும்தான்.