காதால் படித்த பொருளாதாரம்

எழுபத்தொரு வயதில் பொருளாதாரம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பரீட்சை எழுதப் போவதில்லை, பட்ஜெட் போடப் போவதும் இல்லை. ஆனால் முப்பத்தாறு வருடம் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணியவன் நான். வட்டி விகிதம் மாறினால் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும். பலகையில் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவோம். ஏன் மாறியது என்று சுற்றறிக்கையில் இருக்காது. அந்த 'ஏன்' மட்டும் மனதில் தங்கிவிட்டது.

கண்புரை அறுவைக்குப் பிறகு நெடுநேரம் புத்தகம் படிக்க முடிவதில்லை. எனவே கண்ணுக்குப் பதில் காது. பேரன் போனில் பாட்காஸ்ட் கேட்க வழி செய்து கொடுத்தான். பாட்காஸ்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாம் நினைத்த நேரத்தில் கேட்கக்கூடிய வானொலி நிகழ்ச்சி, அவ்வளவுதான். காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கும் முக்கால் மணி நேரம் என் வகுப்பு. ஒரு காதில் மட்டும் ஹெட்போன். இன்னொரு காது மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு. அமெரிக்கர்கள் பேசும் வேகம் நமக்கு ஒத்து வராது என்றால் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். புரியாவிட்டால் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்கலாம். எந்த வாத்தியாரும் இத்தனை பொறுமையாக எனக்குப் பாடம் நடத்தியதில்லை.

நான் தொடங்கியது பி.பி.சி.யில் டிம் ஹார்ஃபோர்டு என்பவர் 2016-இல் தொடங்கிய, நவீனப் பொருளாதாரத்தை உருவாக்கிய ஐம்பது பொருள்களைப் பற்றிய தொடர். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பார்கோடு, கப்பலில் ஏற்றும் கன்டெய்னர், முள்கம்பி என்று ஒரு நாளைக்கு ஒரு பொருள். அதில் கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற செல்போன் பணப் பரிமாற்றத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அதே முறையில் ஆப்கானிஸ்தானில் சில போலீஸ்காரர்களுக்குச் சம்பளத்தைப் போனில் அனுப்பிப் பார்த்தார்களாம். வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்திருப்பதைப் பார்த்து ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அதுதான் அவர்களுடைய முழுச் சம்பளம். அதுவரை ரொக்கமாக வந்தபோது வழியில் யாரோ ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் வாங்கிக்கொண்டு மணியார்டர் ஃபாரம் எழுதிய கை இது. மகன் திருப்பூரிலிருந்து அனுப்பிய பணத்துக்காகத் திண்ணையில் காத்திருந்த அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். பணத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை குறைந்தால் ஒரு நாடே மாறும் என்று அந்த நிகழ்ச்சி சொன்னபோது, அது எனக்குப் பாடமாகத் தெரியவில்லை. என் சொந்தக் கதையை வேறு யாரோ சொல்வது போல இருந்தது.

அடுத்து 'தி சீன் அண்ட் தி அன்சீன்'. மும்பையைச் சேர்ந்த அமித் வர்மா 2017-இல் தொடங்கியது. ஆரம்ப காலத்துப் பகுதிகள் சிறியவை. பின்னால் வந்தவை பல மணி நேரம் ஓடும். ஒன்றை முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். நிகழ்ச்சியின் பெயர் பிரெடெரிக் பாஸ்டியா என்ற பிரெஞ்சுக்காரர் 1850-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஒரு கடைக்காரரின் பையன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கண்ணாடி போடுகிறவருக்கு ஆறு பிராங்க் வருமானம். பார்க்கிறவர்கள், "உடைந்ததும் நல்லதுக்குத்தான், ஒருவருக்கு வேலை கிடைத்தது" என்கிறார்கள். இது கண்ணுக்குத் தெரிவது. கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால் கடைக்காரர் அதே ஆறு பிராங்கில் ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருப்பார். செருப்பு தைப்பவருக்குப் போகாமல் போன அந்தக் காசு கண்ணுக்குத் தெரியாதது. பொருளாதாரம் முழுவதும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதியைத் தேடும் வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாமே இவ்வளவு கனமாக இருக்காது. இங்கிலாந்தைவிடப் போர்ச்சுகல் துணியையும் மதுவையும் குறைந்த ஆட்களை வைத்துச் செய்தாலும், இரண்டு நாடும் ஆளுக்கொன்றைச் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்று டேவிட் ரிக்கார்டோ 1817-இல் எழுதினார். இதை வீட்டில் விளக்கினேன். "சமையலிலும் நீ கெட்டி, காய்கறி வாங்குவதிலும் நீ கெட்டி. சமையலில் நான் ரொம்பக் கீழே, காய்கறியில் கொஞ்சம்தான் கீழே. அதனால் பையை நான் தூக்குகிறேன்" என்றேன். "இதுக்குப் போர்ச்சுகல் வரைக்கும் போகணுமா?" என்று கேட்டுவிட்டுப் பையைக் கொடுத்தாள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு வரும். "அந்தக் காலத்தில் கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பாகும். இப்போது என்ன கிடைக்கிறது?" உண்மைதான். 1988-இல் அந்தப் பத்திரம் வந்தபோது கவுன்டரில் விற்றவன் நான். ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 13.4 சதவீதம். 2023 ஏப்ரலில் அறிவித்த விகிதம் 7.5 சதவீதம், இரட்டிப்பாக 115 மாதங்கள், அதாவது ஒன்பதரை வருடத்துக்கும் மேல்.

இது கண்ணுக்குத் தெரிந்த பாதி. வட்டியிலிருந்து விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் வருவதே உண்மையான வட்டி என்று எந்த அறிமுகப் பாடத்திலும் சொல்வார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டுகளில் விலைவாசி வேகமாக ஏறியது. 1991-ஐ ஒட்டி இரட்டை இலக்கத்தையே தொட்டது. கணக்குக்காக ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். போட்ட 10,000 ரூபாய் ஐந்தரை வருடத்தில் 20,000 ஆனது. ஆனால் 10,000 ரூபாய்க்கு வாங்கிய மளிகை அதற்குள் 16,900 ஆகியிருக்கும். இன்றைக்கு ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 சதவீதத்தில் விலை ஏறினால், 115 மாதத்தில் 20,000 ஆகும்போது மளிகை 14,600-க்குள்தான் நிற்கும். ஆண்டுக் கணக்காகப் பார்த்தால் அன்றும் இன்றும் கையில் நிற்பது ஏறக்குறைய மூன்று சதவீதமே. விலைவாசி இலக்கைத் தாண்டினால் அதுவும் குறையும் என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கு எனக்குப் பயன்பட்டது என் அக்காவின் விஷயத்தில்.

அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது அதிகம். அத்தான் காலமான பிறகு வட்டியில்தான் ஜீவனம். வட்டி குறைந்துவிட்டதே என்ற கவலையில் இருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு நிதி நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, மாதம் பிறந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்களாம். எட்டு லட்சத்தை அங்கே மாற்ற வேண்டும், பாரத்தை நிரப்பிக் கொடு என்று என்னைக் கூப்பிட்டார்.

'வேண்டாம்' என்று ஒரு வார்த்தையில் சொன்னால் அக்கா கேட்கமாட்டார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனவே கேள்வியாகக் கேட்டேன். "அக்கா, மாசம் ரெண்டு ரூபான்னா வருஷத்துக்கு இருபத்துநாலு. உனக்கு அவ்வளவு கொடுத்துட்டு, ஆபீஸ் வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் போக அவனுக்கும் ஏதாவது நிக்கணும். அப்போ அவன் முப்பதுக்கு மேல சம்பாதிக்கணும். அந்த வட்டிக்கு அவன்கிட்ட யார் கடன் வாங்குவா?"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "பேங்க்ல நகைக்கடன் அதுல பாதி வட்டிக்கும் கீழ கிடைக்குதே. பேங்க் கொடுக்காதவன்தான் வாங்குவான்" என்றார். பிறகு அவரே, "அவன் திருப்பித் தரலேன்னா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். பழைய கார் சந்தையைப் பற்றிய கட்டுரை அது. வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சந்தையில் மோசமான சரக்கே மிஞ்சும் என்பது அதன் சாரம். நம் நாட்டு வட்டிக்காரர்களைப் பற்றியும் அதில் உண்டு. பள்ளி இறுதி வகுப்போடு நின்ற என் அக்கா அதன் பாதியை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பாரத்தை மடித்துப் பூஜை அலமாரியில் வைத்தவர், மறுநாள் என்னோடு வந்து பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. அந்த நிறுவனம் இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாளைக்கும் நன்றாக நடக்கலாம். ஆனால் தனியாக இருக்கும் எழுபத்தாறு வயதுப் பெண்மணி ஏற்க வேண்டிய அபாயம் அல்ல அது.

இங்கே அக்கா என்னை மடக்கியதையும் சொல்ல வேண்டும். விலைவாசிக் கணக்கை விளக்கியபோது, "நாலு சதவீதம்னு யார் சொன்னா? என் மருந்துச் சீட்டைப் பார்த்துட்டுச் சொன்னானா?" என்றார். தேடிப் பார்த்தேன். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானத்துக்கும் 45.86 பங்கு, மருத்துவத்துக்கு 5.89தான். அது நாட்டு மக்கள் அனைவருக்குமான சராசரிக் கூடை. அக்காவின் கூடையில் மாத்திரைக்கு மட்டும் நாலில் ஒரு பங்கு போகிறது. அரசு சொல்லும் எண்ணில் பொய் இல்லை. அது அவருடைய எண் இல்லை, அவ்வளவுதான். அதிலிருந்து அக்கா தன் செலவைத் தானே ஒரு நோட்டில் எழுதிவருகிறார். வருடா வருடம் எவ்வளவு ஏறுகிறது என்று அவரிடமே கணக்கு இருக்கிறது.

கேட்டுப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. சிறிய பகுதிகளில் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். கேட்டதை அன்றைக்கே யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் மறுநாள் அதையே மறுபடியும் கேளுங்கள். ஒவ்வொரு பாடத்தையும் உங்கள் பாஸ்புக்கிலும் மளிகைக் கடைச் சீட்டிலும் பொருத்திப் பாருங்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாராவது அதிக வட்டி தருவதாகச் சொன்னால், அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேளுங்கள். அதைக் கேட்க வயதும் படிப்பும் தடையில்லை.