பாதியில் நின்ற நீலக் கோடு

மருதானை உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்பியூட்டரோடு மல்லுக்கட்டும் பிள்ளை இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். இதில் எங்கள் பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நாங்கள் உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள். 2013இல் இந்தப் பிரிவு தொடங்கியபோது எங்கள் பகுதிப் பெற்றோர் பலருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. இன்று அதில் படித்த பிள்ளைகள் படவரைஞர் வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் படித்து முடித்து, இப்போது வரைபடப் பாடநெறி ஒன்றில் இருக்கும் ஒரு மகன் போன வெள்ளி இரவு போன் எடுத்தார். வாப்பா பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையில் வேலை. வீட்டில் இருப்பது எங்கள் வகுப்பறையில் இருந்து நாங்களே கொடுத்த பழைய கம்பியூட்டர்.

"சேர், சொஃப்ட்வெயார் இன்ஸ்டோல் ஆகுதில்ல. பாதியில அப்படியே நிக்குது. திங்கக்கிழம வரைபடம் குடுக்கணும்."

சனி காலை இருவரும் போனோம். திரையில் நீலக் கோடு பாதியில் நின்றது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். நோ எங்கே என்று சொல்லத் தெரியாத நோயாளி மாதிரி.

முதலில் சி ட்ரைவைப் பார்த்தோம், கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. பெரிய பொறியியல் மென்பொருள் முதலில் இறங்கும், பிறகு விரியும், அதற்குப் பிறகுதான் உரிய இடத்தில் பதியும். அதனால் மென்பொருளின் அளவைவிடக் கூடுதலான இடம் வேண்டும். பழைய வீடியோக்களை அகற்றினோம். திரும்பவும் அதே இடத்தில் நின்றது.

அடுத்தது விண்டோஸ் அப்டேட். பாதியில் கிடந்தது. பாதியில் கிடக்கும் அப்டேட் சில நேரம் மற்ற இன்ஸ்டோலைத் தடுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தோம். (ஷட்டவுன் பண்ணிப் போடுவது போதாது. விண்டோஸ் 10இல் ஷட்டவுன் பல நேரம் பழைய நிலையைச் சேமித்து வைத்து அதையே திரும்ப எழுப்பும். ரீஸ்டார்ட்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும்.) அதற்கும் அசையவில்லை. அண்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தோம், அதுவும் சரிவரவில்லை.

ளுஹர் தாண்டிவிட்டது. மகன் மெதுவாகக் கேட்டார்: "சேர், அந்தப் பழைய சீடியையே போடுவமா? அது உடனே வேல செய்யும் தானே."

எங்களுக்கு முகம் சுருங்கிப்போனது. இந்தப் பிள்ளை தன் பாடநெறி அடையாள அட்டையைக் காட்டி, மாணவருக்கான இலவச உரிமத்தைத் தானாகவே எடுத்து வைத்திருந்தார். களவுப் பிரதியைக் காட்டிக் கொடுத்தது நாங்கள்.

அப்போது அவருடைய தங்கச்சி, எட்டாம் வகுப்பு, பக்கத்தில் போனோடு இருந்தவள் சொன்னாள்: "அந்தக் கம்பனிட பக்கம் போன்ல வருது தானே. இதுல மட்டும் ஏன் வருதில்ல?"

பார்த்தோம். ஒரே வைஃபை. போனில் திறக்கிறது, கம்பியூட்டரில் மற்ற எல்லாப் பக்கமும் வருகிறது, அந்த நிறுவனத்தின் பக்கம் மட்டும் இல்லை. டெம்ப் போல்டரில் இன்ஸ்டோலர் எழுதி வைத்த குறிப்புக் கோப்பைத் திறந்தோம். கடைசியில் ஒரே வரி திரும்பத் திரும்ப: சேர்வரோடு தொடர்பு கிடைக்கவில்லை, மீண்டும் முயற்சி.

அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. 2017இல் வகுப்பறைக் கம்பியூட்டர்களுக்கு ஒருவரைக் கூட்டிவந்து ‘ஃபுல் வேர்ஷன்’ போட்டோம். களவுப் பிரதி வேலை செய்ய வேண்டுமென்றால் அது கம்பனியோடு பேசக் கூடாது. அதற்காக ஹோஸ்ட்ஸ் என்ற சின்னக் கோப்பில் சில வரிகள் சேர்ப்பார்கள். கம்பனியின் முகவரிக்கு நேரே 127.0.0.1 என்ற இலக்கம். அதன் அர்த்தம் ‘இதே கம்பியூட்டர்’. கம்பனியைத் தேடிப் போகும் மென்பொருள் தன் வீட்டு வாசலையே தட்டிக்கொண்டு நிற்கும். மென்பொருளை அழித்தாலும் அந்த வரிகள் போகாது.

விண்டோஸ், சிஸ்டம் 32, ட்ரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனோம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து, அந்த வரிகளை மட்டும் அழித்து, ரீஸ்டார்ட் செய்தோம். கோடு நகர்ந்தது. அஸருக்கு முன் முடிந்தது. திங்கள் வரைபடமும் கொடுத்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் எங்களுக்கு அதோடு முடியவில்லை. கணினி நிரல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சட்டத்தை விடுங்கள். பிறர் உழைப்பை எடுக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வாயால்தான் அந்த ஆளையும் கூட்டிவந்தோம். காசில்லை என்பது உண்மை. இலவச வழி இருக்கிறதா என்று தேடவில்லை என்பதும் உண்மை.

செவ்வாய் வகுப்பில் நடந்ததைச் சொன்னோம். ஒரு பிள்ளை கேட்டார்: "அப்ப சேர், நாங்க அதுல படிச்சது?" படித்தது உங்களுடையதுதான், போட்ட விதம்தான் பிழை, அது எங்களுடைய பிழை என்றோம். வகுப்பறையில் மிச்சமிருந்த கம்பியூட்டர்களைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடத் தொடங்கியிருக்கிறோம்.

பெற்றோருக்கு: ஓட்டோகேட் தயாரிக்கும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வருட உரிமம் இலவசமாகத் தருகிறது, வருடாவருடம் புதுப்பிக்கலாம். லிப்ரேகேட், ஃப்ரீகேட் இரண்டும் எல்லோருக்கும் இலவசம், லிப்ரேகேட் பழைய மெஷினுக்கும் பாரமில்லை. இன்ஸ்டோல் நின்றால் இடம், ரீஸ்டார்ட், அண்டிவைரஸ், குறிப்புக் கோப்பு, ஹோஸ்ட்ஸ் என்ற ஒழுங்கில் பாருங்கள். அண்டிவைரஸை நிறுத்தினால் திரும்பப் போட மறக்காதீர்கள். பாவித்த கம்பியூட்டர் வாங்கினால் ஹோஸ்ட்ஸை முதலிலேயே பாருங்கள்.

நாங்கள் முன்பு கொடுத்த கம்பியூட்டர் யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து சனி அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள். அதைத் திருத்துவது எங்கள் கடமை. துஆ செய்யுங்கள்.